தகர ஊரும் புவனா அத்தையின் கேத்தலும்

பதுளை பஸ் நிலையத்தில் பசறை பஸ்ஸுக்குள் ஏறி உட்கார்ந்து, அது எப்போது புறப்படும் என்று கண்டக்டருக்கே தெரியாத அந்த இருபது நிமிஷத்தில்தான் போனுக்கு அந்த வீடியோ வந்தது. இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி. உலகம் அழிந்து இருநூறு வருஷம் கழித்து நடக்கிற ஒரு கேம். அதன் இரண்டாம் பாகம். இந்தா வருகிறது, அந்தா வருகிறது என்று இரண்டு தடவை தள்ளிப்போட்டு, இப்போது ஒருவழியாகத் தேதி சொல்லிவிட்டார்கள். ஹெட்போனைக் காதுக்குள் திணித்துக்கொண்டு பார்த்தேன். முதலில் ஒன்றுமே இல்லை. திரை முழுக்க இருட்டு. அந்த இருட்டுக்குள் தகரத்தில் மழை விழுகிற சத்தம் மட்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? கையை நீட்டி பஸ் ஜன்னலை இழுத்து மூடினேன். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில்.

"ஏன் தம்பி மூடுறீங்க, உள்ள அவியுதுல்ல" என்றார் பக்கத்தில் மரக்கறிப் பையோடு இருந்தவர்.

திறந்துவிட்டேன். மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். பசறை போய்ச் சேருவதற்குள் எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதீர்கள், பெட்டரியைக் கேளுங்கள்.

அந்த கேமுக்கு அழகான ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு. அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எனக்கே அது முன்பின் தெரியாத ஆளின் பெயர் மாதிரி இருக்கும். எங்கள் லயத்தில் அதற்கு 'தகர ஊரு' என்றுதான் பெயர். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு வீடுகள் இருந்த லயம் அது. ஆறு வீட்டிலும் அந்தப் பெயர்தான். 'இன்னைக்கு தகர ஊரு இருக்காடா?' என்று கொழுந்துக் கூடையை இறக்கி வைக்கும்போதே கேட்பார்கள். அது கேமைப் பற்றிய கேள்வி மாதிரியே இருக்காது; அந்த ஊருக்கு இன்றைக்கு பஸ் இருக்கிறதா என்று கேட்பது மாதிரி இருக்கும்.

இப்போது எனக்கு இருபத்தைந்து வயது. பதுளையில் ஒரு டியூட்டரியில் சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குத் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் 'சேர்' என்கிறார்கள். அந்த மரியாதையைக் காப்பாற்ற நான் படாத பாடுபடுகிறேன். வீடியோ வந்த மறுநாள் வெள்ளைப் பலகையில் வழக்கம்போலத் தேதியை எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினால், பின்வரிசை வாங்கில் சிரிப்பு. முன்வரிசைப் பெண்பிள்ளை எழுந்து, "சேர், அது இன்னைக்குத் தேதி இல்ல" என்றாள். திரும்பிப் பார்க்கிறேன், கேம் வெளிவருகிற தேதியை எழுதி வைத்திருக்கிறேன். "அன்னைக்கு லீவா சேர்?" என்றது பின்வரிசை. லீவுதான், ஆனால் அதை எப்படிச் சொல்வது.

சும்மா வெறும் ஆசை என்றால் இப்படிப் பதறியிருக்க மாட்டேன். வீடியோவுக்குக் கீழே ஒரு குறிப்பு போட்டிருந்தார்கள். முதல் பாகத்தில் நீங்கள் 'சேவ்' பண்ணி வைத்த கோப்பு உங்களிடம் இருந்தால், அதை இரண்டாம் பாகத்துக்குள் கொண்டுவரலாம். அங்கே நீங்கள் எடுத்த முடிவுகளெல்லாம் இங்கேயும் நடந்தவைதான். காப்பாற்றிய ஊர் இருக்கும். அழியவிட்ட ஊர் இருக்காது.

அதைப் படித்ததிலிருந்து எனக்கு நின்றால் இருக்கத் தோன்றுகிறது, இருந்தால் நடக்கத் தோன்றுகிறது. ஏனென்றால் நான் ஒரு ஊரை அழியவிட்டிருக்கிறேன். நேர்மையாகக்கூட இல்லை. ஒரு பொய் சொல்லி.

பொய்யைப் பிறகு சொல்கிறேன். முதலில் கம்ப்யூட்டர். கருகின பிளாஸ்டிக் வாசம் எங்கேயாவது வந்தால், மற்றவர்களுக்குப் பயம் வரும், எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் ஞாபகம் வரும். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த காலத்தில், கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டிருந்த அப்பா அதை எடுத்துக் கொடுத்தார். புதுசு இல்லை. என்னோடு பதுளையில் படித்த ரிஸ்லானின் மாமா கடையில், நாலைந்து செத்த கம்ப்யூட்டர்களிலிருந்து நல்ல உறுப்புகளைக் கழற்றி ஒன்றாக்கிக் கொடுத்தது. பெட்டியின் ஒரு பக்கத்துக்கு மூடியே கிடையாது. ரிஸ்லான் அதை பஸ் வரைக்கும் தூக்கி வந்து என் மடியில் வைத்து, "கொழந்த மாதிரி புடிச்சிட்டுப் போ மச்சான், வளைவுல விட்டுறாத" என்றான். பசறையிலிருந்து மடுல்சீமைக்குப் போகிற பாதையில் வளைவு இல்லாத இடம் எது என்று அவனுக்கு யார் சொல்வது.

கம்ப்யூட்டர் வந்தது. கரண்டுதான் வரவில்லை. வரவில்லை என்றால், வந்தது, ஆறு வீட்டுக்கும் ஒரே கம்பியில் வந்தது. முதல் வீட்டில் அயர்ன் போட்டால் கடைசி வீட்டு பல்ப் மஞ்சளாகும். எங்கள் பக்கத்து வீட்டு புவனா அத்தை தண்ணீர் கொதிக்கவைக்கிற மின்சாரக் கேத்தல் ஒன்று வைத்திருந்தார். அவர் தம்பி டோஹாவிலிருந்து கொண்டுவந்தது, வெள்ளிமாதிரிப் பளபளக்கும். அத்தை தேத்தண்ணிக்கு அதைப் போட்டாரோ இல்லையோ, என் திரை ஒரு தடவை கண்ணைச் சிமிட்டும், உடனே செத்துப்போகும். நான் ஒரு மணித்தியாலமாக நடந்து, சுட்டு, ஒளிந்து, சேர்த்துவைத்த எல்லாம் போயிற்று. சுவரைத் தட்டுவேன். அந்தப் பக்கமிருந்து அத்தையின் குரல் வரும்.

"என்னடா?"

"அத்தை, கேத்தல் போட்டீங்களா?"

"ஆமாடா, ஒனக்கும் ஊத்தவா?"

கோபப்படவும் முடியாது. தேத்தண்ணி நன்றாக இருக்கும்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை இப்படிச் செத்தபிறகு எனக்கு ஒரு தந்திரம் தோன்றியது. அத்தை கேத்தல் பக்கம் போகாமல் இருக்க வேண்டுமென்றால், அத்தை எங்கள் வீட்டில் இருக்க வேண்டும். "வாங்க அத்தை, படம் மாதிரி ஒன்னு இருக்கு, பாருங்க" என்று கூப்பிட்டேன். வந்தார். அவர் வந்ததால் கடைசி வீட்டுத் தலைவர் மாமாவும் வந்தார். அவர் தோட்டத்தில் சங்கத் தலைவர். கோயில் கமிட்டியிலும் தலைவர். அவருடைய சொந்தப் பெயரை நான் ஒரு கல்யாணப் பத்திரிகையில்தான் முதல்முதல் பார்த்தேன். அவர் வந்ததால் மற்ற வீடுகளும் வந்தன. ஞாயிறு மத்தியானம் சோற்றுக்குப் பிறகு எங்கள் முன்னறையில் பத்துப் பன்னிரண்டு பேர். லயத்தில் ஒருத்தரும் ஒன்றையும் சுவிட்ச் போடாததால் திரை அசையாமல் நின்றது. என்னுடைய ராஜதந்திரத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் தெரிந்தது, கேம் என் கையை விட்டுப் போய்விட்டது என்று.

இந்த வகை கேம்களில் முதலில் உங்கள் ஆளை நீங்களே உருவாக்க வேண்டும். முகம், முடி, உயரம், எல்லாம். நான் அவசரமாக ஒரு தாடிக்காரனைச் செய்து வைத்திருந்தேன். புவனா அத்தை பார்த்தார்.

"இவனா ஊரக் காப்பாத்தப் போறான்?"

"ஆமா அத்தை."

"சம்பளத்தன்னைக்கு எங்க கெடப்பானோ. பொம்பளையப் போடு."

அம்மாவும் அதையே சொன்னார். பெண்ணைப் போட்டோம். மூக்குத்தி வேண்டும் என்றார்கள். அந்த கேம் செய்தவர்களுக்கு மூக்குத்தி தெரியவில்லை. கடைசியில் மூக்குக்குப் பக்கத்தில் ஒரு மச்சம் வைத்துச் சமாளித்தோம். பெயர் ராணி. அந்த ஞாயிறு முழுக்க ராணியைச் செய்ததிலேயே போயிற்று, ஒரு அடிகூட நடக்கவில்லை. ஆனாலும் எல்லாரும் திருப்தியாக எழுந்து போனார்கள்.

அடுத்த வாரம் ராணி அந்த மலையடிவார ஊருக்குள் நுழைந்தாள். துருப்பிடித்த தகரத்தில் கூரை. வரிசையாக ஒட்டிக்கொண்ட சின்னச் சின்ன அறைகள். நடுவில் ஒரே ஒரு தண்ணீர்க் குழாய், அதற்கு முன்னால் வாளிகளோடு நிற்கும் ஆட்கள். நான் பெரிய குரலில் விளக்கம் சொன்னேன். உலகப் பெரிய யுத்தம் வந்து எல்லாம் அழிந்துவிட்டது, இருநூறு வருஷமாகிவிட்டது, மிச்சமிருக்கிற மனுசர்கள் இப்படித்தான் வாழ்கிறார்கள் என்று. பிறகு புவனா அத்தை கேட்டார்.

"சரி, அழிஞ்ச எடத்த எப்ப காட்டுவ?"

"இதுதான் அத்தை அழிஞ்ச எடம்."

"இதுல என்னடா அழிஞ்சிருக்கு? கூர இருக்கு, பைப்பு இருக்கு. நம்ம பைப்புல இவ்வளவு வேகமா எங்க வருது."

தலைவர் மாமா முன்னால் குனிந்து, "ஆறு பீலி இருக்கும் போல" என்றார். பீலி என்றால் குழாய்தான். அவர் எண்ணியது சரியில்லை, ஒன்றுதான் இருந்தது. மற்றவை சுவரில் படிந்த துரு. ஆனால் அவர் அந்த இடத்தைக் குறைசொல்லவே இல்லை, பொறாமையாகப் பார்த்தார். அன்றைக்கு வைத்த பெயர்தான் தகர ஊரு.

ஆங்கிலம் வாசிப்பது என் வேலை. கேமில் யாராவது பேசினால் அதை நான் தமிழில் சொல்ல வேண்டும். அவர்களுக்குப் பதில் சொல்ல மூன்று நான்கு வழி திரையில் வரும். அவற்றையும் சொல்ல வேண்டும். எதைத் தெரிவுசெய்வது என்பதைத் தலைவர் மாமா கூட்டம் மாதிரி நடத்துவார். "ஒன்னாவதுக்குக் கை தூக்குங்க. ம். ரெண்டாவதுக்கு. நீ ரெண்டு தரம் தூக்காத புவனா." அந்த உலகத்தின் தலைவிதி ஞாயிற்றுக்கிழமைகளில், கொழுந்துச் சாயம் போகாத விரல்களால் தீர்மானிக்கப்பட்டது. நான் வெறும் மவுஸ் பிடிக்கிற ஆள்.

கொஞ்ச நாளில் 'சேவ்' என்ற சொல் லயத்துப் பேச்சுக்குள்ளேயே வந்துவிட்டது. புவனா அத்தை இடையில் எழும்பினால், "சேவ் பண்ணிக்கடா, நான் கேத்தலப் போடப்போறேன்" என்பார். மாமியாரோடு ஒரு கதை பேசப் போகிறவர்கள்கூட வாசலில் நின்று, "சேவ் பண்ணிட்டுப் போறேன், அப்புறம் என்ன நடக்குமோ" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். அப்போது எனக்கு அது வெறும் பகிடி.

இப்போது பொய்க்கு வருகிறேன். ஒத்திப்போட்டுக்கொண்டே வந்ததை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

தகர ஊருக்கு மேலே ஒரு மலை. அந்த மலையில் பழைய சுரங்கக் கழிவு குவிந்து கிடக்கும். ஒரு நாள் ஒரு பொறியியலாளர்ப் பெண் ராணியிடம் வந்து சொல்கிறாள்: மலையில் விரிசல் விட்டுவிட்டது, இந்த மழைக்குத் தாங்காது, ஊரை உடனே கிளப்பு. இரண்டு வழி வரும். கிளம்பச் சொல்வது ஒன்று, தங்கச் சொல்வது ஒன்று. ஊர் தங்கினால் அதன் காவல்காரர்கள் ராணிக்கு ஒரு இரும்புக் கவசம் கொடுப்பார்கள் என்று நான் ஏற்கெனவே எங்கேயோ படித்து வைத்திருந்தேன். அந்தக் கவசம் மாதிரி ஒன்று அந்த கேமிலேயே கிடையாது. எனக்குப் பத்தொன்பது வயது. கவசம் வேண்டும்.

"என்னடா சொல்றா அவ?" என்றார் அம்மா.

நான் சொன்னேன்: "மலை கொஞ்சம் வெடிச்சிருக்காம். என்னைக்காவது ஒருநாள் சரியலாமாம். அவளுக்கும் சரியாத் தெரியலையாம்."

அவள் அப்படிச் சொல்லவில்லை. இந்த மழைக்கு என்றுதான் சொன்னாள்.

தலைவர் மாமா தொண்டையைச் செருமினார்.

"போறதுன்னா, எங்க போறதாம்?"

"அது ஒன்னும் சொல்லல மாமா."

அது உண்மை. கேமில் அதற்குப் பதிலே இல்லை.

"எடமும் சொல்லாம எப்படிப் போறது" என்றார் புவனா அத்தை. "பைப்பு இங்கதானே இருக்கு."

கை தூக்கினார்கள். எல்லாக் கையும் தங்குவதற்கு. நான் அழுத்தினேன், கவசத்தை வாங்கினேன், வாங்கின கையோடு சேவ் பண்ணினேன். புவனா அத்தையின் கேத்தலுக்குப் பயந்து நான் எல்லாவற்றையும் உடனே சேவ் பண்ணிவிடுகிற ஆள். இருந்த ஒரே கோப்புக்கு மேலேயே புதுசை எழுதிவிடுவேன்.

அதற்கடுத்த ஞாயிறு மழை வந்தது, கேமுக்குள். முதலில் அந்தக் குழாயில் தண்ணீர் செம்மண் நிறமாக வந்தது. ராணி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், எங்கள் வீட்டில் பன்னிரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு குழாய் நின்றது. பிறகு மலை வந்தது. சத்தம் குறைந்து திரை தெளிந்தபோது தகரங்கள் மட்டும் சேற்றில் நீட்டிக்கொண்டிருந்தன. கவசம் போட்டிருந்ததால் ராணிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"பழைய சேவுக்குப் போடா" என்றார் புவனா அத்தை.

"பழசு இல்ல அத்தை."

"ஏன் இல்ல?"

நான் மவுஸைத் துடைத்தேன். அவர் எழும்பிப் போய்விட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் கேத்தல் போடுகிற சத்தம் கேட்டது. திரை சிமிட்டியது. பெட்டிக்குள்ளிருந்து கருகின பிளாஸ்டிக் வாசம் வந்தது. அதுதான் அந்தக் கம்ப்யூட்டரின் கடைசி ஞாயிறு. அடுத்த நாளே அதை மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோய் ரிஸ்லானிடம் கொடுத்துவிட்டு வந்தேன். கரண்டு வாங்குகிற உறுப்பு எரிந்துவிட்டது, கொழும்பிலிருந்து வர வேண்டும், இரண்டு கிழமை, பதினாலு நாள் ஆகும் என்றான்.

அந்த இரண்டு கிழமைக்குள் மழை, கேமுக்கு வெளியே.

நீளமாகச் சொல்ல மனமில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் அலுவலர்கள் இரண்டு பேர் குடையோடு ஏறி வந்து, மேல் மலையில் வெடிப்பு இருக்கிறது, பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்றார்கள். தலைவர் மாமா எல்லாரையும் கூப்பிட்டார். அவரே கேட்டார், பள்ளிக்கூடத்தில் எத்தனை நாள், அதற்குப் பிறகு எங்கே என்று. அவர்களிடம் பதில் இல்லை. ஒவ்வொருத்தராக வீட்டுக்குள் போகத் தொடங்கினார்கள். புவனா அத்தை வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். ஒரு நிமிஷம் இருக்காது. வெறுங்கையோடு ஓடி வந்தார்.

"கெளம்புங்க. பைப்புல செவப்பா வருது. தகர ஊருல வந்த மாதிரியே வருது."

அலுவலர்கள் விழித்தார்கள். எங்களில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. தலைவர் மாமா கை தூக்கச் சொல்லவில்லை. ஆறு வீடும் அரை மணித்தியாலத்தில் பள்ளிக்கூடப் பாதையில் நின்றது. பின்னேரம் மலை சரிந்து லயம் போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அத்தையின் வாளி குழாயடியிலேயே போயிற்று, கேத்தல் அவர் கையில் இருந்தது. எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு முகாம், முகாமுக்குப் பிறகு ஆளுக்கொரு திசை. கம்ப்யூட்டரைப் பற்றி யார் நினைத்தது. ரிஸ்லானுக்கு ஒரு தடவை போன் பண்ணி, "வச்சிரு மச்சான்" என்றேன். அவ்வளவுதான். ஆறு வருஷம்.

இப்போது இந்தக் குறிப்பு. கேம், நாம் பண்ணுகிற சேவ் போக, தானாகவும் சில பழைய இடங்களை ஒரு மூலையில் பதிந்து வைக்குமாம்; அதைப் பிறகுதான் படித்தேன். அப்படியென்றால் கை தூக்குவதற்கு முந்திய தகர ஊர், தகரத்தோடும் குழாயோடும் வாளி வரிசையோடும், அந்த ஹார்ட் டிஸ்க்கில் எங்கேயாவது நின்றுகொண்டிருக்கலாம். நான் ஒரு அழுத்து அழுத்தினால் அவர்கள் கிளம்பிவிடுவார்கள். என் பொய் நடக்காததாகிவிடும். யோசித்துப் பாருங்கள், பைத்தியம் பிடிக்குமா பிடிக்காதா?

வகுப்பு முடிந்ததும் ரிஸ்லான் கடைக்கு ஓடினேன். மாமாவுக்குப் பிறகு கடை இப்போது அவனுடையது. போன் திருத்துகிற மேசை முன்னால், பழைய பெட்டிகள் பின்னால். விஷயத்தைச் சொன்னேன். அவன் கையிலிருந்த சின்னத் திருப்புளியை மெதுவாகக் கீழே வைத்தான். அந்த மெதுவிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"டிஸ்க் ஈக்கிது மச்சான்" என்றான்.

"எங்க?"

மேலே பார்த்தான். கடை மூலையில் ஒரு கேமரா, அதற்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி.

"நாலு வருஷமா அதுலதான் ரெக்கோட் ஆகுது. நெறைஞ்சா பழச அழிச்சிட்டு மேலயே எழுதும். நீ வரவே இல்லையே டா. நான் என்ன நெனைக்க?"

அவன்மேல் என்ன கோபம். மேலேயே எழுதுகிற வேலையை அவனுக்கு முன்னால் செய்தவன் நான்தானே. அவன் பாவம், கடைப் பையனிடம் சொல்லித் தேத்தண்ணி எடுப்பித்தான், மீட்கிற மென்பொருள் மூன்று போட்டுப் பார்த்தான். திரையில் வந்ததெல்லாம் அவனுடைய கவுண்டர்தான். யாரோ போன் கவர் வாங்குகிறார்கள். ரிஸ்லான் கொட்டாவி விடுகிறான். மறுபடி யாரோ போன் கவர் வாங்குகிறார்கள். என் ராணி, மச்சத்தோடும் கவசத்தோடும், அந்தக் கொட்டாவிகளுக்கு அடியில் எங்கேயோ போய்விட்டாள்.

"வேற வழி இல்லையா?" என்று அவன்தான் கேட்டான்.

இருந்தது. சேவ் இல்லாதவர்களுக்காக கேம்காரர்கள் ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். முதல் பாகத்தில் நடந்ததைக் கேட்கும், நாம் நிரப்பி அனுப்பினால் அதை வைத்தே புது உலகத்தை அமைத்துக்கொள்ளும். சாட்சி ஒன்றும் கேட்காது. என்ன சொன்னாலும் நம்பும். ரிஸ்லான் கடையில் நின்றபடியே திறந்தேன். பதினோராவது கேள்வி: மலையடிவாரத்து ஊர் மக்கள் கிளம்பினார்களா, தங்கினார்களா?

எவ்வளவு சுலபம் பாருங்கள். 'கிளம்பினார்கள்' என்ற வட்டத்துக்கு மேல் விரலை வைத்துவிட்டேன். ஆனால் அழுத்த வரவில்லை. அது நான் மட்டும் எடுத்த முடிவு இல்லையே. பன்னிரண்டு கை.

புவனா அத்தை இப்போது லுணுகலைக்கு அந்தப் பக்கம், கட்டிக் கொடுத்த வீடொன்றில் இருக்கிறார். போன் எடுத்ததும், "சாப்ட்டியா? ஏன்டா மூச்சு வாங்குற?" என்றார். தகர ஊருக்கு இரண்டாம் பாகம் வருகிறது என்றேன். ராணி இருக்கிறாளா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். படிவத்தைச் சொன்னேன். பிறகு, ஆறு வருஷமாகத் தொண்டையில் நின்றதையும் சொன்னேன்.

"அத்தை, அன்னைக்கு நான் மாத்திச் சொன்னேன். என்னைக்காவதுன்னு அந்தப் பொம்பள சொல்லல. இந்த மழைக்கேன்னுதான் சொன்னா. எனக்கு அந்த இரும்புச் சட்ட வேணும்னு..."

"தெரியும்டா."

"என்ன தெரியும்?"

"அவ மொகத்தப் பாத்தா தெரியாதா? கையப் பெசைஞ்சுக்கிட்டுல்ல நின்னா. நீ சொன்ன பேச்சும் அவ மொகமும் ஒட்டவே இல்ல. ஒங்க அம்மாவே சொன்னாங்க, பய எதையோ முழுங்குறான்னு."

"அப்ப ஏன் தங்குறதுக்குக் கை தூக்குனீங்க?"

"எங்க போறதுன்னு தெரியலையே. தெரிஞ்சா கெளம்புறதுக்குத் தூக்கியிருக்க மாட்டோமா?"

ரிஸ்லான் திருப்புளியைச் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்தான்.

"சரி அத்தை" என்றேன். "இப்ப மாத்தலாம். கெளம்பிட்டாங்கன்னு போடவா? போட்டா அந்த ஊரு சனம் இருக்கும்."

போனில் அவருக்குப் பின்னால் ஏதோ கொதிக்கிற சத்தம் கேட்டது.

"வேணாம்டா. தங்குனாங்கன்னே போடு."

"செத்துருவாங்களே அத்தை."

"செத்தாங்கல்ல. நாம பாத்தோம்ல. அவங்க பைப்புல செவப்பா வந்ததப் பாத்துத்தானே நான் வாளியப் போட்டுட்டு ஓடியாந்தேன். இப்ப போயி அவங்க சாகவே இல்லன்னு எழுதுனா, அது என்னமோ மாதிரி இருக்குடா."

'தங்கினார்கள்' என்பதை அழுத்தினேன். இரண்டாம் பாகத்தில் தகர ஊர் இருக்காது. சேற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் தகரங்கள் இருக்கும், அவ்வளவுதான். புது ராணி அந்தப் பக்கம் போனால் நான் அவளைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பேன் என்று நினைக்கிறேன்.

தேதிக்கு இன்னும் நாட்கள் இருக்கின்றன. என் போர்டிங் அறை நெட்டில் அவ்வளவு பெரிய கேமை இறக்க ஒரு மாதம் பிடிக்கும். எல்ல என்ற ஊரில் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதியொன்றில் வேலை செய்கிற மச்சினனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், ஒரு பிளேன்டீக்கு ஒரு முழுநாள் வைஃபை. கம்ப்யூட்டர் புதுசு, பெட்டிக்கு எல்லாப் பக்கமும் மூடி இருக்கிறது. அறையில் ஒரு கதிரை. அதற்கு மேல் ஒன்று போட இடமில்லை, போட்டாலும் உட்கார ஆளில்லை. தலைவர் மாமா மகளோடு வத்தளையில். அப்பா இருக்கும் கொழும்புக்கே அம்மாவும் போய்விட்டார். எந்த வழியைத் தெரிவுசெய்வது என்று கேட்டுக் கை தூக்கச் சொல்ல யாருமில்லாமல், ஆங்கிலத்தை ஆங்கிலமாகவே வாசித்து, நானே தெரிவுசெய்து, நானே அழுத்துவேன். ஒருத்தரும் பிழை பிடிக்க மாட்டார்கள்.

போனை வைக்கும் முன் அத்தை கேட்டார்.

"என்னைக்குடா வருது?"

தேதியைச் சொன்னேன். பலகையில் எழுதின அதே தேதி.

"ஞாயித்துக்கெழமையா?"

"இல்ல அத்தை, வெள்ளி."

"சரி, மறக்காம ஆரம்பிக்கிற நேரத்துக்கு ஒரு கோல் குடு. நான் கேத்தலப் போடாம இருக்கேன்."

சரி அத்தை என்றேன். லுணுகலை வீட்டுக்குத் தனிக் கம்பி, தனி மீட்டர். அவர் அங்கே பத்துக் கேத்தல் போட்டாலும் பதுளையில் என் திரை இனிச் சிமிட்டாது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.